சாரோன் வாசித்த சங்கீதம்

ஜூலை 1, திங்கள்

பாஸ்டரம்மா சொன்னதால் இந்த நோட்டைத் தொடங்குகிறேன். ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை எங்கள் சபையில் பெண்கள் கூடுகை. சுற்றியுள்ள நான்கு சபைகளிலிருந்தும் சகோதரிகள் வருவார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பிப்பதைப் பற்றி நான் சாட்சி சொல்ல வேண்டும். "தெனமும் ரெண்டு வரி எழுதி வைங்க வினோலியா. மைக்கு முன்னால நின்னா எல்லாம் மறந்துபோகும்" என்றார். சாட்சி முடிந்ததும் என் இளையவள் சாரோன் மேடையில் வேதாகமத்துச் சங்கீதம் ஒன்றை வாசிக்க வேண்டுமாம். எட்டு வயதுப் பிள்ளை திக்காமல் வேதம் வாசித்தால் அதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன என்கிறார்.

எங்கள் நாள் இப்படிப் போகிறது. ஐந்தரைக்குக் குடும்ப ஜெபம். பிறகு சமையல், துணி. ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டால் அதுதான் பள்ளிக்கூடம். மூத்தவள் எமீமாவுக்குப் பதினான்கு வயது. அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்க இனி அதிகமில்லை, அவளே படித்துக்கொள்கிறாள். சாரோனோடு நான் உட்காருவேன். ஒன்றரைக்கு அவர்கள் அப்பா செல்வின் பெயிண்ட் கடையிலிருந்து சாப்பிட வருவார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜூன் மாதக் காலையில் கர்த்தர் ஒரு வசனத்தின் மூலம் என்னோடு பேசினார். அந்த வாரமே இருவரையும் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். வேறு சில காரியங்களும் இருந்தன. அவை சாட்சிக்குத் தேவையில்லை.

ஜூலை 4, வியாழன்

வாசிப்பு நேரம் வந்ததும் சாரோனுக்கு வயிற்றுவலி. இந்த மாதத்தில் இரண்டாவது தடவை. மாதம் பிறந்தே நான்கு நாள்தான் ஆகிறது. ஓமத்தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பத்தாவது நிமிடம் கொல்லையில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். பிடித்து உட்கார வைத்தால் புத்தகத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்க்கிறாள். ஸ்கேலால் ஒரு தட்டு தட்டினேன். வலித்திருக்காது.

எமீமாவோடு உட்கார்ந்தால் மட்டும் கடகடவென்று வாசிக்கிறாளாம். எமீமாதான் சொல்கிறாள்.

ஜூலை 6, சனி

இன்றும் செல்வின் சாரோனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தொடர்ந்து எத்தனையாவது சனிக்கிழமை என்று யோசித்துப் பார்த்தேன். மே மாதத்திலிருந்தே போகிறார்கள். "வீட்டுக்குள்ளயே கெடக்கா, கொஞ்சம் வெளிய பாக்கட்டுமே" என்கிறார். பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் பார்த்து என்ன கற்றுக்கொள்வாள்?

திரும்பி வந்ததும் கை கழுவிவிட்டேன். நகத்துக்குள் ரவை. வெள்ளை ரவைதான், விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். பெயிண்ட் கடையில் ரவை எங்கிருந்து வந்தது?

"என்னட்டி இது?"

"மண்ணும்மா."

மண் வெள்ளையாக இருக்காது. எட்டு வயதில் பொய் வந்துவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

சாரல் காற்று. மாடியில் துணி எடுக்கப் போனேன். எமீமா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து என் பழைய போனில் மெதுவாக எதையோ பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் போனை மடியில் கவிழ்த்தாள்.

"யார்ட்ட பேசுத?"

"யார்ட்டயும் இல்லம்மா. வசனம் சொல்லிப் பாக்கேன்."

வசனம் சொல்லிப் பார்க்க எதற்குத் தொட்டிக்குப் பின்னால் ஒளிய வேண்டும்? அந்த போனில் சிம் கார்டு இல்லை. ஆனால் வீட்டில் வைஃபை இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றி ஊரில் எத்தனை கேள்விப்படுகிறோம். இதற்குப் பயந்துதானே வீட்டில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 10, புதன்

போனைத் தேடினேன். வைக்கும் இடத்தில் இல்லை.

ஜூலை 13, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

இன்றும் இருவரும் கடைக்குப் போனார்கள். பன்னிரண்டு மணிக்கு நான் கடைக்கு போன் செய்தேன். அவர் கைபேசிக்கு அல்ல, கடை நம்பருக்கு. பில் போடும் செண்பகம் எடுத்தாள்.

"அண்ணாச்சி இல்லையேக்கா. சனிக்கிழமன்னா பதினோரு மணிக்கே பாப்பாவோட கெளம்பிருவாங்களே. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும், மறந்துவிட்டேன் என்று சொல்லி வைத்தேன். இப்போது பொய் சொன்னது நான்.

மதியம் சாப்பிடும்போது சாரோன் தானாகவே சொன்னாள்: "மரகதம் ஆன்ட்டி வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கும்மா. நாலு குட்டி." எமீமாவின் கை தட்டில் அப்படியே நின்றது. செல்வின் தண்ணீர் குடித்தார்.

"யாரு மரகதம்?"

"கஸ்டமர். வீட்டுக்கு பெயிண்ட் அடிக்காங்க. அளவு பாக்கப் போனோம்" என்றார்.

மே மாதத்திலிருந்து ஒரு வீட்டை அளந்துகொண்டிருக்கிறாரா? பெண்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்ற நினைப்பா? எமீமாவுக்கும் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் ஒன்றும் தெரியவில்லை.

ஜூலை 17, புதன்

மூன்று நாள் உபவாசம். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. அவர் சட்டைகளை மோந்து பார்த்தேன். பெயிண்ட் கரைக்கும் டர்பன்டைன் வாசனைதான். போனில் மரகதம் என்று ஒரு பெயரும் இல்லை. பெயரை மாற்றிப் போட்டிருப்பார்.

எமீமாவிடம் நேராகவே கேட்டேன். "ஒங்கப்பா சனிக்கிழம எங்க போறாரு?"

"அப்பாட்டயே கேளுங்கம்மா."

"ஒன்னயத்தான் கேக்கேன்."

அவள் கோபமாக முறைத்திருந்தால் பரவாயில்லை. நோயாளியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

ஜூலை 20, சனி

பின்னாலேயே ஆட்டோவில் போனேன். எமீமாவிடம் பாஸ்டரம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன்.

கடையிலிருந்து பதினோரு மணிக்கு ஸ்கூட்டர் கிளம்பியது. பெருமாள்புரத்தில் ஒரு சந்துக்குள் திரும்பி, பச்சை கேட் போட்ட வீட்டு முன்னால் நின்றது. எதிரே மருந்துக்கடை. அங்கே ஏதோ வாங்குவதுபோல நின்றேன். கேட்டைத் திறந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். நெற்றியில் குங்குமம், மூக்குக் கண்ணாடி, காட்டன் சேலை. சாரோன் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். என்னிடம் அப்படி ஓடி வந்து எத்தனை நாளாயிற்று என்று நினைவில்லை.

செல்வின் உள்ளே போகவில்லை. ஒரு மணி நேரம் ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு பொட்டலம் கடலை வாங்கித் தின்றார். தெருவில் போகிறவர்களை வேடிக்கை பார்த்தார். பெண் விவகாரத்துக்கு வந்தவர் யாரும் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார்.

அவர்கள் போன பிறகு கேட் அருகே போனேன். சின்னப் பலகை ஒன்று இருந்தது. வாசித்தேன்.

என் கணவர் தப்பு செய்யவில்லை. ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

ஆராதனை. மட்டன் குழம்பு. செல்வினிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவராகச் சொல்லட்டும்.

ஜூலை 24, புதன்

போன் கிடைத்தது. எமீமா அதைத் தையல் மெஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்திருந்தாள். அவள் குளிக்கும்போது எடுத்தேன்.

பையன்கள் யாரும் இல்லை. ஒலிப்பதிவுகள் மட்டும் இருந்தன, முப்பதுக்கு மேல். ஒன்றைப் போட்டேன். எமீமாவின் குரல். கூடுகைக்குக் குறித்திருக்கும் அதே சங்கீதத்தை வரிவரியாக, நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறாள். நடுநடுவே சொல்கிறாள்: "இங்கன மூச்சு எடு." "இப்ப வெரல அடுத்த வரிக்குக் கொண்டு போ." "சாரு, இங்க வந்ததும் பக்கத்தப் பொரட்டணும், மறந்திராத. பொரட்டுறதுக்கு முன்னால லேசா தலையத் தூக்கு, அப்பதான் நம்புவாங்க."

அப்பதான் நம்புவாங்க! வேதப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாடகம் ஆடப் பழக்குகிறாள். என் சாட்சிக்குப் பின்னால், சபையார் முன்னால். இரண்டு வருடம் கண்ணும் கருத்துமாக நான் வளர்த்த பிள்ளைகள்.

போனை அதே இடத்தில் வைத்தேன். யாரிடமும் கேட்கப் போவதில்லை. கேட்டால் மூன்று பேரும் சேர்ந்து இன்னொரு பொய் சொல்வார்கள். கூடுகையில் பார்த்துக்கொள்கிறேன்.

ஜூலை 29, திங்கள்

சாட்சியை எழுதி முடித்தேன். சாரோனுக்கு வெள்ளை கவுன் தேய்த்து வைத்தாயிற்று. சங்கீதத்தை இன்று என் முன்னால் வாசித்துக் காட்டினாள். ஒரு பிழையில்லை. சரியான இடத்தில் தலையைத் தூக்கினாள். பக்கத்தைப் புரட்டினாள். நன்றாக வாசித்தாய் என்று சொன்னேன். முகமெல்லாம் சிரிப்பு.

ஆகஸ்ட் 3, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இருநூறு பேருக்குக் குறையாது. சாட்சி நன்றாகவே வந்தது. சில சகோதரிகள் கண்ணைத் துடைத்தார்கள். பாஸ்டரம்மா சாரோனை மேடைக்கு அழைத்தார். அவள் ஸ்டூலில் ஏறி நின்று, வேதத்தைத் திறந்து, விரலை முதல் வரியில் வைத்தாள். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

நான் சொன்னேன்: "சாரோன், அது எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கீதம். அதுக்கு அடுத்தத வாசிம்மா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

பிள்ளை என்னைப் பார்த்தாள். பிறகு வேதத்தைப் பார்த்தாள். விரலை அடுத்த சங்கீதத்துக்கு நகர்த்தினாள். அந்த இடத்தை மட்டும் எண்ணைப் பார்த்துச் சரியாகக் கண்டுபிடித்தாள். தொடங்கினாள். வாயிலிருந்து வந்தது பழைய சங்கீதம்.

முன்வரிசையில் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. பாஸ்டரம்மா குனிந்து, "கண்ணு, அது இல்லம்மா, இது" என்று தொட்டுக் காட்டினார். சாரோன் தலையாட்டினாள். திரும்பவும் முதலிலிருந்து அதையே சொன்னாள், இன்னும் சத்தமாக. விரல் வரிவரியாகச் சரியாகவே நகர்ந்தது. மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் மூச்சு எடுத்தாள். வார்த்தைகள் மட்டும் அந்தப் பக்கத்தில் இல்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. பக்கத்தைப் புரட்ட வேண்டிய இடம் வந்ததும் லேசாகத் தலையைத் தூக்கினாள்.

எமீமா கடைசி வரிசையிலிருந்து நடந்து வந்தாள். மேடையேறித் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளை, கால்கள் கீழே தொங்கின. குரல் மைக்கில் விழும் என்று தெரிந்துதான் பேசியிருக்க வேண்டும்.

"அவளுக்கு வாசிக்க வராது. எங்கம்மாவுக்குத் தெரியும்."

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. கல்யாணமானதிலிருந்து இது முதல் தடவை.

செல்வின் இட்லியைப் பிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஏன் மாத்துன வினோ?"

"உண்மை தெரியணும்னு."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல? டிசம்பர்ல எமீமா வந்து எங்கிட்டச் சொன்னா. கடைக்குப் போகச் சீட்டு எழுதிக் குடுத்தா, சாரு ஒரு வார்த்த வாசிக்க முடியாம நின்னாளாம். அஞ்சு மாசம் தேடித்தான் அந்த டீச்சரக் கண்டுபிடிச்சேன்."

"நீங்க ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்ப? ஒண்ணு உபவாசம் போட்டிருப்ப. இல்லன்னா ஸ்கேல எடுத்திருப்ப."

அறைக்குள்ளிருந்து எமீமா வந்தாள். அவள் கண் வீங்கியிருந்தது. "நாங்க ஏமாத்துனது தப்புதான். அவ கெஞ்சுனா, அதனாலதான் ரெக்கார்டு பண்ணிக் குடுத்தேன். ஆனா நீங்க தெரியாமயா மாத்துனீங்க?"

தெரியாது என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இந்த நோட்டை முதலிலிருந்து வாசித்தேன். எழுதாமல் விட்டவற்றை எழுதுகிறேன்.

பெருமாள்புரத்து வீட்டுப் பலகையில் இருந்தது இதுதான்: வாசிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாறும் குழந்தைகளுக்குத் தனிப்பயிற்சி. அதை வாசித்தபோது நான் ஆச்சரியப்படவில்லை. என் வீட்டுக்குள் ஒளித்து வைத்த ஒன்றை யாரோ கண்டெடுத்துவிட்டார்கள் என்ற ஆத்திரம்தான் வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த ஜூன் மாதத்தில், சாரோனின் பள்ளியிலிருந்து மிஸ் என்னை மட்டும் வரச் சொன்னார். "ஒண்ணாம் கிளாஸ் முழுக்கப் பாத்துட்டேங்க. பிள்ள புத்திசாலி. ஆனா எழுத்து அவளுக்கு நிக்க மாட்டேங்குது. யார்ட்டயாவது காட்டுங்க, சின்ன வயசுலயே காட்டுனா நல்லது" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். செல்வினிடம் சொல்லவில்லை. அவர் வீட்டில் எல்லோரும் ஆசிரியர்கள். அவர் அக்கா, என் மைனி, தலைமை ஆசிரியை. இது யார் பக்கத்து ரத்தம் என்று கேட்பார்கள்.

மறுநாள் காலை மூன்று மணி நேரம் வேதத்தைப் புரட்டினேன். எனக்கு வேண்டிய வசனம் கிடைக்கும்வரை புரட்டினேன். கிடைத்தது. கர்த்தர் பேசினார் என்று இரண்டு வருடமாக நான் சொல்லிவருவது அதைத்தான்.

எமீமா அந்தப் பள்ளியில் வகுப்பிலேயே முதல் மாணவி. தங்கையை மட்டும் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள் என்று அவளையும் சேர்த்து நிறுத்தினேன்.

ஆகஸ்ட் 10, சனி

நானும் போனேன். செல்வின் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

மரகதம் டீச்சர் எங்களைக் கூடத்தில் உட்கார வைத்தார். சாரோன் உள்ளறையில் ஒரு தட்டு ரவையில் விரலால் 'ழ' எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி, கலைத்து, மறுபடி எழுதுகிறாள். வயிற்றுவலி என்று சொல்லவேயில்லை.

டீச்சர் ஒரு படிவம் வைத்திருந்தார். "அப்பா சொன்னத எழுதியிருக்கேன். அம்மாட்டயும் கேக்கணும். இது முதல்ல எப்பம்மா உங்க கவனத்துக்கு வந்துச்சு?"

"போன டிசம்பர்ல" என்றார் செல்வின்.

"இல்ல" என்றேன். "ரெண்டு வருசம் ஆச்சு. ஸ்கூல்ல மிஸ் கூப்பிட்டுச் சொன்னாங்க. நான் யார்ட்டயும் சொல்லல."

செல்வின் என் பக்கம் திரும்பினார். டீச்சர் எங்கள் இருவரையும் பார்க்காமல் எழுதிக்கொண்டார்.

"இது குடும்பத்துல வரலாம். வேற யாருக்காவது இருந்திருக்கா?"

"எங்க வீட்டுல யாருக்கும் இல்ல" என்றார் செல்வின்.

"எனக்கு" என்றேன். "நாலாங்கிளாஸ் வரைக்கும் எனக்கு வாசிக்க வராது. அடிச்சு அடிச்சுத்தான் வர வச்சாங்க. இப்பவும் வெரல் வைக்காட்டா வரி தப்பிப்போகும்."

வீட்டுக்கு வரும் வழியில், ஒரு மைதானத்து ஓரமாக செல்வின் ஸ்கூட்டரை நிறுத்தினார். "இங்கனயே இருங்க" என்று சொல்லிவிட்டு மரங்களுக்கு அந்தப் பக்கம் தனியாக நடந்து போனார். நானும் சாரோனும் வேப்பமரத்தடியில் நின்றோம்.

"அம்மா, நான் மக்குப் பிள்ளையா?"

"இல்லட்டி."

"அப்ப ஏன் அப்பாட்டச் சொல்லாம இருந்தீங்க?"

"பயமா இருந்துச்சு."

கொஞ்ச நேரம் செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள். "நானும் பயந்துதாம்மா மனப்பாடம் பண்ணுனேன்" என்றாள்.

யாருக்குப் பயந்து என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

செல்வின் மூன்று நாள் கழித்து இன்று பேசினார். "எமீமாவ அடுத்த ஜூன்ல ஸ்கூல்ல சேக்கப் போறேன். அவ எப்பவோ கேட்டுட்டா. நீ வருத்தப்படுவன்னு நாந்தான் தள்ளிப்போட்டேன்." சரி என்றேன். சாரோனிடம் கேட்டோம். வீட்டில்தான் படிப்பாளாம். ஆனால் அம்மா சத்தம் போடக் கூடாதாம், ஸ்கேல் மேசைக்கு வரக் கூடாதாம்.

ஆகஸ்ட் 21, புதன்

பாஸ்டரம்மா போன் செய்தார். செப்டம்பர் கூடுகையில் வேறொருவர் சாட்சி சொல்வதாகவும் நான் ஓய்வெடுக்கலாம் என்றும் சொன்னார்.

"எனக்கு ரெண்டு நிமிசம் மட்டும் வேணும்மா."

"என்ன சொல்லப் போறீங்க சிஸ்டர்?" குரலில் சந்தேகம். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும்.

"எம்பிள்ள மேல தப்பில்லன்னு சொல்லணும்."

பாஸ்டரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

செப்டம்பர் 7, சனி

இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். எழுதிக்கொண்டு போகவில்லை. பள்ளி மிஸ் சொன்னதை மறைத்ததைச் சொன்னேன். வசனத்தைத் தேடிப் பிடித்ததைச் சொன்னேன். போன மாதம் தெரிந்தேதான் பிள்ளையை எல்லார் முன்னாலும் நிற்கவைத்தேன் என்று சொன்னேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டரம்மா கீழே பார்த்துக்கொண்டிருந்தார். சாரோன் வரவில்லை. சனிக்கிழமை, அவளுக்கு வகுப்பு. எமீமா கடைசி வரிசையில் இருந்தாள். நான் இறங்கி வந்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அங்கே உட்கார்ந்தேன்.

சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் நின்றபோது, வேறு சபையிலிருந்து வந்த ஒரு சகோதரி என் அருகே வந்தார். முன்பின் பழக்கமில்லை. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் கேட்டார்:

"சிஸ்டர், அந்த டீச்சர் வீடு எங்கன இருக்கு? எனக்கில்ல, தெரிஞ்சவங்க பிள்ளைக்கு."

பெருமாள்புரம், மருந்துக்கடைக்கு எதிரே, பச்சை கேட் என்றேன். சனிக்கிழமை பதினொன்றரைக்கு வந்தால் நானும் அங்கே இருப்பேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே போனார்.

யார் பிள்ளை என்று நான் கேட்கவில்லை.